மாற்றம் வந்தால் மட்டும் தகவல்: மின்கலத்தையும் அலைவரிசையையும் மிச்சப்படுத்தும் 'நிகழ்வு தூண்டல்' கட்டுப்பாடு - ஒரு விளக்கம்

தொழிற்சாலைக் கொதிகலன் முதல் நாட்டின் மின்தொகுப்பு வரை, தானாக இயங்கும் அமைப்புகள் அனைத்தும் மூன்று வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன: அளவிடுதல், கணக்கிடுதல், திருத்துதல். இந்தச் சுழற்சி எத்தனை விநாடிக்கு ஒரு முறை நடைபெற வேண்டும் என்பதைப் பல பத்தாண்டுகளாகக் கடிகாரமே தீர்மானித்து வந்துள்ளது. மாற்றம் எதுவும் இல்லாத நேரத்திலும் உணரிகள் அளவுகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. கணினிகளும் ஒரே விடையை மீண்டும் மீண்டும் கணக்கிடுகின்றன.

இந்த வழக்கத்துக்கு மாற்றாக உருவாக்கப்பட்டதே 'நிகழ்வு தூண்டல் கட்டுப்பாடு'. குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்பட்டால் மட்டுமே தகவல் அனுப்பப்படும், புதிய கட்டளை கணக்கிடப்படும் என்பது இதன் அடிப்படை விதி. மின்கலத்தில் இயங்கும் கம்பியில்லா உணரிகள் பெருகி வரும் இக்காலத்தில், தகவல்தொடர்பு வசதியையும் கணிப்புத் திறனையும் சிக்கனப்படுத்தும் வழியாக இம்முறை கவனம் பெற்றுள்ளது.

எனினும், இந்தச் சிக்கனத்துக்குள் ஒரு கேள்வி அடங்கியுள்ளது. ஓர் உணரி பேசாமல் இருந்தால், அனைத்தும் சீராக உள்ளது என்று பொருளா, அல்லது அந்த உணரியே செயலிழந்துவிட்டது என்று பொருளா? இக்கேள்விக்கு விடை இல்லாமல் வடிவமைக்கப்படும் அமைப்பு எத்தகைய விளைவைச் சந்திக்கக்கூடும் என்பதற்கு மின்துறை வரலாற்றிலேயே சான்றுகள் உள்ளன.

கடிகாரம் வகுத்த வழி

கணினிகள் ஆலைகளைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய காலத்திலிருந்தே, சம இடைவெளியில் அளவெடுப்பது நடைமுறையாகிவிட்டது. இதற்குக் காரணம் கணித வசதி. ஒவ்வோர் அளவுக்கும் இடையிலான நேரம் மாறாமல் இருந்தால், அமைப்பின் நடத்தையைக் கணிக்கும் சமன்பாடுகள் எளிமையாகின்றன. வடிவமைப்பாளர் பயன்படுத்தும் கோட்பாடுகளும், மென்பொருள் கருவிகளும் இந்த அடிப்படையிலேயே வளர்ந்தன.

ஆனால், இந்த இடைவெளியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதில்தான் வீண்செலவு நுழைகிறது. மிக மோசமான சூழ்நிலையிலும் அமைப்பு நிலைதடுமாறக் கூடாது என்பதால், மிக வேகமான மாற்றத்தையும் பிடிக்கக்கூடிய அளவுக்கு இடைவெளி குறுகலாக வைக்கப்படுகிறது. அத்தகைய வேகமான மாற்றம் ஆண்டுக்குச் சில மணி நேரமே ஏற்படலாம். எஞ்சிய நேரம் முழுவதும் அதே வேகத்தில் தகவல்கள் சென்றுகொண்டேயிருக்கும்.

தடுப்பூசிகள் வைக்கப்படும் குளிர்பதனப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் பாதுகாக்கப்பட வேண்டும். அதில் பொருத்தப்பட்ட உணரி நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையை அனுப்பினால், ஒரு நாளில் 1,440 தகவல்கள் சேரும். மின்தடை இல்லாமல், கதவும் அதிகம் திறக்கப்படாமல் இருந்தால், அவற்றில் மிகப் பெரும்பாலானவை முந்தைய தகவலையே மறுபடியும் சொல்லும்.

மாறாக, கடைசியாக அனுப்பிய அளவிலிருந்து அரை டிகிரி விலகினால் மட்டுமே அனுப்புவது என்று விதி வகுத்தால் நிலைமை மாறுகிறது. ஒரு நாளில் அத்தகைய விலகல் 60 முறை ஏற்படுவதாக வைத்துக்கொண்டால், தகவல்களின் எண்ணிக்கை 1,440-லிருந்து 60 ஆகக் குறையும். அதேவேளையில், பெறுபவரிடம் உள்ள அளவுக்கும் உண்மையான அளவுக்கும் இடையிலான வேறுபாடு எந்நேரத்திலும் அரை டிகிரியைத் தாண்டாது. எத்தனை தகவல் அனுப்பப்படும் என்பது முன்கூட்டியே தெரியாது; ஆனால் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பது உறுதியாகத் தெரியும்.

அன்றாட வாழ்வில் இதற்கு முன்னோடிகள் உண்டு. மேல்நிலைத் தொட்டியில் நீர் குறைந்தால் மோட்டாரை இயக்கி, நிரம்பியதும் நிறுத்தும் மிதவை அமைப்பும், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலைச் சீராக்கியும் கடிகாரத்தைப் பார்த்து இயங்குவதில்லை. வரம்பு தாண்டப்படும்போது மட்டுமே அவை செயல்படுகின்றன. இந்த எளிய கருத்தைச் சிக்கலான அமைப்புகளுக்கும் நம்பிக்கையுடன் பயன்படுத்த முடியுமா என்பதே ஆய்வாளர்கள் முன் நின்ற கேள்வியாகும்.

1999-ல் வந்த முதல் கணக்கு

சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் 1999-ம் ஆண்டு நடைபெற்ற தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கான சர்வதேசக் கூட்டமைப்பின் உலக மாநாட்டில், ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இது தொடர்பாக முக்கிய முடிவுகளை முன்வைத்தனர். கார்ல் யோஹன் ஆஸ்ட்ரோம், போ பெர்ன்ஹார்ட்சன் ஆகியோர், சம இடைவெளி முறையையும் நிகழ்வு முறையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டனர்.

தற்செயலான இடையூறுகளால் இலக்கிலிருந்து மெல்ல விலகிச் செல்லும் எளிய அமைப்பு ஒன்றை அவர்கள் எடுத்துக்கொண்டனர். இரு முறைகளிலும் சராசரியாக ஒரே எண்ணிக்கையில் திருத்தங்கள் செய்யப்பட்டால், நிகழ்வு முறையில் பிழையின் சராசரி வர்க்க அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைவதைக் கணித வழியில் காட்டினர். அதாவது, அதே தரத்தைச் சம இடைவெளி முறையில் பெற வேண்டுமானால், மூன்று மடங்கு அதிகமாக அளவெடுக்க வேண்டும். இந்த மூன்று மடங்கு என்ற எண் அந்த எளிய அமைப்புக்கு மட்டுமே உரியது. எல்லா அமைப்புகளுக்கும் பொருந்தும் பொது விதி அல்ல. எனினும், கடிகாரத்தைக் கைவிடுவதால் கிடைக்கும் ஆதாயத்தைத் துல்லியமாக அளந்து காட்டியது அதன் சிறப்பு.

பின்னர் இவ்விரு முறைகளுக்கும் அவர்கள் இரு கணித அறிஞர்களின் பெயரைச் சூட்டினர். நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டும் முறை ஜெர்மனியின் ரீமான் பெயராலும், மதிப்பைச் சம படிகளாக வெட்டும் முறை பிரான்சின் லெபேக் பெயராலும் குறிப்பிடப்பட்டன. பேருந்து நடத்துநர் ஒருவர் தமது பையில் உள்ள பணத்தைக் கைக்கு வந்த வரிசையில் எண்ணுவது முதல் முறையைப் போன்றது. 10 ரூபாய், 20 ரூபாய், 50 ரூபாய் என்று தாள்களைப் பிரித்து அடுக்கி எண்ணுவது இரண்டாவது முறையைப் போன்றது. வரிசை எதுவாக இருந்தாலும் மதிப்பின் அடிப்படையில் பிரிப்பதே இரண்டாவது முறையின் சாரம்.

அதே மாநாட்டில், லுண்ட் பல்கலைக்கழகத்தின் கார்ல் எரிக் ஓர்சேன், தொழிற்சாலைகளில் மிகப் பரவலாகப் பயன்படுத்தப்படும் பிஐடி வகைக் கட்டுப்பாட்டுக் கருவியை நிகழ்வு முறையில் இயக்கும் எளிய வழியை விளக்கினார். கட்டுப்பாட்டின் தரம் சிறிதளவே குறைய, கணினியின் வேலைப்பளு பெருமளவு குறைவதை அவரது ஆய்வு சுட்டிக்காட்டியது.

உறுதிமொழி தந்த 2007-ம் ஆண்டு ஆய்வு

சிக்கனம் கிடைக்கும் என்பது மட்டும் பொறியாளர்களுக்குப் போதுமானதல்ல. தகவல் வராத இடைவெளியில் அமைப்பு கைமீறிப் போகாது என்ற உத்தரவாதமும் தேவை. அந்த உத்தரவாதத்தைத் தெளிவான வடிவில் அளித்ததாகக் கருதப்படுவது, பாலோ டபுவாடா 2007-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையாகும்.

அவர் முன்வைத்த விதி சுருக்கமானது. கடைசியாக அனுப்பிய அளவுக்கும் தற்போதைய உண்மை அளவுக்கும் உள்ள வேறுபாட்டைப் 'பிழை' என்று கொள்வோம். அமைப்பு இலக்கிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதன் ஒரு குறிப்பிட்ட விகிதத்தை இந்தப் பிழை தாண்டும் கணத்தில் புதிய தகவல் அனுப்பப்பட வேண்டும். இலக்கிலிருந்து வெகுதொலைவில் இருக்கும்போது பெரிய பிழையும் பொறுத்துக்கொள்ளப்படும். இலக்கை நெருங்க நெருங்கப் பொறுமை குறையும்.

படகைத் துறைமுகத்தில் சேர்ப்பதுடன் இதை ஒப்பிடலாம். நடுக்கடலில் பத்து மீட்டர் விலகல் பொருட்டல்ல. கரையை ஒட்டிய கடைசி நிமிடங்களில் ஒரு மீட்டர் விலகலும் முக்கியம். இந்த விகிதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், அமைப்பின் 'விலகல் ஆற்றல்' என்று கொள்ளத்தக்க ஒரு கணித அளவு ஒவ்வொரு கணமும் குறைந்துகொண்டே செல்லும் என்பதை நிறுவ முடிகிறது. ரஷ்யக் கணித அறிஞர் லியபுனோவ் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறையே இதற்கு அடித்தளம். இவ்வாறு, தகவல்கள் குறைந்தாலும் அமைப்பு இலக்கை அடையும் என்பது நம்பிக்கையாக அன்றி, நிறுவப்பட்ட முடிவாக மாறியது.

ஸீனோ சிக்கல்

நிகழ்வு முறைக்கு உள்ளார்ந்த ஓர் ஆபத்து உண்டு. விதி சரியாக அமையாவிட்டால், நிகழ்வுகளுக்கு இடையிலான நேரம் குறைந்துகொண்டே போய், வரையறுக்கப்பட்ட நேரத்துக்குள் எண்ணற்ற தகவல்களை அனுப்ப வேண்டிய நிலை ஏற்படும். தரையில் விழுந்து எழும் பந்தின் துள்ளல்கள் நெருங்கிக்கொண்டே வந்து ஒன்றோடொன்று கலப்பதைப் போன்றது இது. இயக்கம் குறித்த புதிர்களால் அறியப்படும் பண்டைய கிரேக்கத் தத்துவஞானியின் பெயரால் இது 'ஸீனோ நிகழ்வு' என்று அழைக்கப்படுகிறது.

எந்தக் கணினியாலும் நொடியின் ஒரு துளிக்குள் எண்ணற்ற கணக்குகளைச் செய்ய முடியாது. எனவே, இரு நிகழ்வுகளுக்கு இடையே குறைந்தபட்ச இடைவெளி ஒன்று கட்டாயம் இருக்கும் என்று நிறுவுவது, இத்துறையில் வெளிவரும் ஒவ்வொரு புதிய முறைக்கும் முதல் தேர்வாக உள்ளது. டபுவாடாவின் கட்டுரை இந்த இடைவெளிக்கும் உத்தரவாதம் அளித்தது.

ஆயினும், அளவீட்டில் இரைச்சலும் வெளி இடையூறுகளும் நுழையும்போது இந்த உத்தரவாதம் தளர்ந்துவிடக்கூடும் என்பதைப் பின்னாளைய ஆய்வுகள் வெளிப்படுத்தின. இலக்கை மிக நெருங்கியபின், பொறுத்துக்கொள்ளும் அளவு கிட்டத்தட்டப் பூஜ்ஜியமாகிறது. அப்போது சிறு நடுக்கமும் ஒரு நிகழ்வாகப் பதிவாகி, தகவல்கள் குவிந்துவிடும். இதைத் தவிர்க்க, விகித வரம்புடன் மாறாத சிறு வரம்பு ஒன்றும் சேர்க்கப்படுகிறது. இலக்கில் மிகத் துல்லியமாக நிலைப்பதற்குப் பதிலாக, அதைச் சுற்றிய சிறு வட்டத்துக்குள் நிற்பதுடன் அமைப்பு நிறைவடைகிறது.

வளர்ந்து வந்த வகைகள்

நிகழ்வு முறையில் தகவல் அனுப்புவது குறைந்தாலும், வரம்பு தாண்டப்பட்டதா என்று பார்க்க உணரி விழித்துக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. இந்தக் குறையைப் போக்க உருவானதே 'சுய தூண்டல்' முறை. இதில், ஒவ்வொரு முறை அளவெடுக்கும்போதும், அடுத்து எப்போது அளவெடுக்க வேண்டும் என்பதை அமைப்பின் கணித மாதிரியைக் கொண்டு கருவியே கணித்துவிடும். அதுவரை உணரி உறக்க நிலைக்குச் செல்லலாம். ஆனால், எதிர்பாராத இடையூறு இடையில் நேர்ந்தால் அதை உடனே அறிய முடியாது என்பதால், கணிப்பு எச்சரிக்கையுடன் அமைய வேண்டும்.

மற்றொரு வகையில், கடிகாரமும் நிகழ்வும் இணைக்கப்படுகின்றன. சம இடைவெளியில் வரம்பு சரிபார்க்கப்படும். தாண்டியிருந்தால் மட்டுமே தகவல் அனுப்பப்படும். சரிபார்ப்பு இடைவெளியே குறைந்தபட்ச இடைவெளியாகவும் அமைவதால், ஸீனோ சிக்கல் தானாகவே விலகுகிறது. இருக்கும் கணினிகளிலும் இதை எளிதாகச் செயல்படுத்த முடிகிறது.

பிரான்ஸைச் சேர்ந்த அன்டுவான் ஜிரார் 2015-ம் ஆண்டு வெளியிட்ட முறை, வரம்பை அவ்வப்போது மாற்றிக்கொள்ள வழிவகுத்தது. வங்கிக் கணக்கில் இருப்பு சேர்வதைப் போல, அமைப்பு நன்றாக இயங்கும் காலத்தில் 'பொறுமை' சேமிக்கப்படுகிறது. பின்னர் வரம்பு சற்றே தாண்டப்பட்டாலும், அந்தச் சேமிப்பு தீரும் வரை தகவல் அனுப்பாமல் இருக்கலாம். ஒருங்கிணைந்து பறக்கும் ட்ரோன்கள் போன்ற கூட்டு அமைப்புகளில், ஒவ்வொரு கருவியும் அண்டைக் கருவிகளுக்கு எப்போது தகவல் தர வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்யும் முறைகளும் உருவாக்கப்பட்டுள்ளன.

எங்கே மிச்சமாகிறது?

சிறிய கம்பியில்லா உணரிகளில், வெப்பநிலை போன்ற ஓர் அளவை எடுக்கச் செலவாகும் ஆற்றலைவிட, அதை வானொலி அலையாக அனுப்பச் செலவாகும் ஆற்றல் பொதுவாகப் பல மடங்கு அதிகம். எனவே, அனுப்பும் எண்ணிக்கை குறைந்தால் மின்கலத்தின் ஆயுள் நீள்கிறது. ஆலைகளின் உயரமான குழாய்களிலும் தொலைதூர வயல்களிலும் பொருத்தப்பட்ட உணரிகளுக்கு மின்கலம் மாற்ற ஆள் அனுப்புவதே பெரும் செலவு என்பதால், இந்த நீட்டிப்பு முக்கியத்துவம் பெறுகிறது.

அலைவரிசை இரண்டாவது ஆதாயம். ஒரே அலைவரிசையை நூற்றுக்கணக்கான கருவிகள் பகிர்ந்துகொள்ளும்போது, தேவையற்ற தகவல்கள் தேவையானவற்றுடன் மோதுகின்றன. சாதாரண நேரத்தில் மற்றவை அமைதி காத்தால், அவசரத் தகவல் தாமதமின்றிச் சென்று சேரும். மூன்றாவதாக, கணினியின் செயலி விடுபட்டு வேறு பணிகளைச் செய்யலாம். நான்காவதாக, வால்வு, மோட்டார் போன்ற இயங்கு பாகங்கள் அடிக்கடி அசைக்கப்படாததால் அவற்றின் தேய்மானமும் குறைகிறது.

கைபேசி பயன்படுத்துவோர் அனைவரும் இந்தக் கருத்தின் பயனை அறியாமலேயே அனுபவித்து வருகின்றனர். நான்காம் தலைமுறை அலைபேசி வலையமைப்பில், பயணத்தின்போது எந்தக் கோபுரத்துக்கு மாற வேண்டும் என்பதை முடிவு செய்ய, அண்டைக் கோபுரங்களின் சமிக்ஞை வலிமையைக் கைபேசி அளந்துகொண்டே இருக்கும். ஆனால், ஒவ்வோர் அளவையும் அது அறிவித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அண்டைக் கோபுரத்தின் சமிக்ஞை தற்போதைய கோபுரத்தைவிடக் குறிப்பிட்ட அளவு வலுவாகி, அந்நிலை குறிப்பிட்ட நேரம் நீடித்தால் மட்டுமே அறிக்கை அனுப்பும் வகையில் வலையமைப்பு அதற்கு ஆணையிடலாம்.

ஒளிப்படத் துறையிலும் இக்கருத்து தடம் பதித்துள்ளது. சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகர ஆய்வாளர்கள் 2008-ம் ஆண்டு விவரித்த 'நிகழ்வு கேமரா', முழுப் படங்களை எடுப்பதில்லை. அதன் 128-க்கு 128 என்ற அளவிலான புள்ளிகளில், எந்தப் புள்ளியில் ஒளியின் அளவு மாறுகிறதோ அந்தப் புள்ளி மட்டுமே தகவல் தரும். அசையாத சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது ஏறக்குறைய எதையும் அனுப்பாது.

இந்திய மின்தொகுப்பிலும் இதன் எளிய வடிவம் உள்ளது. நாட்டின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. அதிர்வெண் மாறினால், மின்நிலையச் சுழலிகளின் வேகச் சீராக்கிகள் உற்பத்தியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். ஆனால், 0.03 ஹெர்ட்ஸ் வரையிலான சிறு அசைவுகளைப் பொருட்படுத்தாமல் இருக்க அவற்றுக்கு விதிகள் இடமளிக்கின்றன. ஒவ்வொரு சிறு நடுக்கத்துக்கும் பெரும் இயந்திரங்கள் அசைந்துகொண்டிருக்கத் தேவையில்லை என்பதே இதன் நோக்கம்.

மௌனம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டபோது

'தகவல் இல்லையெனில் எல்லாம் நலம்' என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை, 2003-ம் ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏற்பட்ட மாபெரும் மின்தடை உணர்த்தியது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருந்த எச்சரிக்கை மென்பொருள் அன்று பிற்பகல் 2.14 மணிக்குப் பிறகு செயலிழந்தது. அது செயலிழந்ததை அறிவிக்க எந்த எச்சரிக்கையும் ஒலிக்கவில்லை.

அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்குள், 345 கிலோவோல்ட் மின்தடங்கள் மூன்று அடுத்தடுத்து மரங்களில் உரசித் துண்டிக்கப்பட்டன. எச்சரிக்கை எதுவும் வராததால், தொகுப்பு சீராக இருப்பதாகவே பணியாளர்கள் கருதினர். அண்டை மின் அமைப்புகளிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகள் வேறு நிலைமையைக் கூறியபோதும், தங்கள் திரையில் தெரிந்ததையே அவர்கள் நம்பினர். மாலை 4 மணிக்குப் பின் சரிவு சங்கிலித்தொடராகப் பரவி, எட்டு அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் சுமார் 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர்.

இருநாட்டுக் கூட்டு விசாரணைக் குழு இந்த மின்தடைக்குப் பல காரணங்களைச் சுட்டிக்காட்டியது. அவற்றுள், நிலைமை குறித்த விழிப்புணர்வு இல்லாமல் போனதும் ஒன்று. கட்டுப்பாட்டு முறையை வடிவமைப்போருக்கு இதில் உள்ள பாடம் நேரடியானது: மாற்றம் வந்தால் மட்டும் பேசும் கருவி, தான் உயிருடன் இருப்பதையும் அவ்வப்போது சொல்ல வேண்டும்.

வரம்பு தவறாகத் தூண்டப்பட்டபோது

இதற்கு நேர்மாறான பிழையை இந்தியா 2012-ம் ஆண்டு ஜூலை மாதம் சந்தித்தது. மின்தடங்களைக் காக்கும் ரிலே கருவிகளும் நிகழ்வு அடிப்படையில் இயங்குபவையே. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கொண்டு, தடத்தின் மின்மறுப்பை அவை கணக்கிடுகின்றன. அது வரம்புக்குக் கீழே இறங்கினால், தடத்தில் பழுது ஏற்பட்டுள்ளது என்று கருதித் துண்டித்துவிடும்.

ஜூலை 30 அன்று அதிகாலை 2.33 மணியளவில், மத்தியப் பிரதேசத்தில் உள்ள பினா - குவாலியர் 400 கிலோவோல்ட் தடம் துண்டிக்கப்பட்டது. அத்தடத்தில் பழுது எதுவும் இல்லை. அளவுக்கு மீறிய மின்சுமையால் மின்னோட்டம் உயர்ந்து, மின்னழுத்தம் தாழ்ந்ததால், ரிலே அதைப் பழுதாக எடுத்துக்கொண்டது. வட மாநிலங்களின் மின்தொகுப்பு சரிந்தது. மறுநாள் ஜூலை 31 அன்று பிற்பகல் 1 மணியளவில் அதே தடத்தில் அதே வகைத் துண்டிப்பு நிகழ, வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் இருளில் மூழ்கின. சுமார் 48,000 மெகாவாட் மின்சுமை பாதிக்கப்பட்டது. 60 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் பகுதிகளில் மின்சாரம் தடைபட்டது.

மத்திய அரசு அமைத்த விசாரணைக் குழு, நான்கு காரணங்களை அடையாளம் கண்டது. பராமரிப்பு உள்ளிட்ட காரணங்களால் பல தடங்கள் இயக்கத்தில் இல்லாததால் மண்டலங்களுக்கு இடையிலான இணைப்பு பலவீனமடைந்திருந்தது, எஞ்சியிருந்த பினா - குவாலியர் - ஆக்ரா இணைப்பில் மின்சுமை மிகுந்திருந்தது, மிகையாக மின்சாரம் எடுத்த மாநிலங்கள் அறிவுறுத்தல்களுக்குப் போதிய அளவு செவிசாய்க்கவில்லை, பாதுகாப்புக் கருவி தவறாக இயங்கியது ஆகியவையே அவை. வரம்பு என்பது வெறும் எண் அல்ல. எந்தச் சூழலில் எது நிகழ்வாகக் கருதப்பட வேண்டும் என்ற தீர்ப்பு அதில் அடங்கியுள்ளது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாக நிற்கிறது.

பாதுகாப்பு வழிகள்

இத்தகைய அனுபவங்களிலிருந்து சில பொது வழிமுறைகள் உருவாகியுள்ளன. முதலாவது, 'இதயத்துடிப்பு' எனப்படும் இருப்பு அறிவிப்பு. மாற்றம் இல்லாவிட்டாலும், நீண்ட இடைவெளியில் ஒரு முறையாவது 'நான் இயங்குகிறேன்' என்ற சிறு தகவலை உணரி அனுப்ப வேண்டும். குறித்த நேரத்துக்குள் அது வராவிட்டால், மறுமுனை அதையே ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளும். முன்னர் கூறிய குளிர்பதனப் பெட்டி உணரி அரை மணி நேரத்துக்கு ஒரு முறை துடிப்பு அனுப்பினாலும், நாளொன்றுக்குக் கூடுதலாவது 48 தகவல்கள்தான். மொத்தம் 108 என்பது 1,440-ஐவிட மிகக் குறைவு.

இரண்டாவது, இரட்டை வரம்பு. இயக்குவதற்கு ஒரு வரம்பும் நிறுத்துவதற்கு வேறொரு வரம்பும் இருந்தால், எல்லையில் ஊசலாடும் அளவு கருவியை ஓயாமல் தூண்டாது. மூன்றாவது, காத்திருப்பு நேரம். வரம்பு தாண்டிய நிலை சிறிது நேரம் நீடித்தால் மட்டுமே நிகழ்வாக ஏற்கப்படும். இதில் தாமதத்துக்கும் துல்லியத்துக்கும் இடையே சமநிலை காண வேண்டியுள்ளது.

நான்காவது, இணையப் பாதுகாப்பு. அலைவரிசையை வேண்டுமென்றே முடக்கும் தாக்குதல் நடந்தால், தகவல் வராத நிலை அமைதியைப் போலவே தோன்றும். ஆகவே, எவ்வளவு நேரம், எவ்வளவு அடிக்கடி தொடர்பு முடக்கப்பட்டாலும் அமைப்பு தாங்கும் என்பதைக் கணக்கிடும் ஆய்வுகள் கடந்த சில ஆண்டுகளாக நடைபெற்று வருகின்றன. தகவல் அனுப்பப்படும் நேரமே சில உண்மைகளை வெளிப்படுத்திவிடும் என்பதும் கவனிக்கத்தக்கது. மாற்றம் நிகழும்போது மட்டும் பேசும் வீட்டு உணரியை வெளியிலிருந்து கண்காணிப்பவர், உள்ளடக்கத்தைப் படிக்காமலேயே வீட்டில் ஆள் உண்டா என்று ஊகிக்க முடியும்.

கடிகாரம் தேவைப்படும் இடங்கள்

எல்லா அமைப்புகளையும் நிகழ்வு முறைக்கு மாற்றிவிட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். மின்தொகுப்பின் நிலையை நேரத்துடன் துல்லியமாக ஒப்பிடும் 'ஃபேசர் அளவீட்டுக் கருவிகள்' விநாடிக்கு 25 முறை அல்லது அதற்கும் மேலாக அளவுகளை அனுப்புகின்றன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரு நிலையங்களின் அளவுகளை ஒரே கணத்தில் ஒப்பிட வேண்டியிருப்பதால், இங்கு கடிகாரமே அடிப்படை.

நாடு முழுவதும் 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்த இலக்கு நிர்ணயித்து 2021-ம் ஆண்டு அறிவிக்கப்பட்ட மின்விநியோகச் சீரமைப்புத் திட்டத்திலும் இரு முறைகளும் கைகோக்கின்றன. ஸ்மார்ட் மீட்டர்கள் மின்நுகர்வை 15 அல்லது 30 நிமிட இடைவெளியில் பதிவு செய்கின்றன. 15 நிமிடக் கணக்கில் ஒரு மீட்டருக்கு நாளொன்றுக்கு 96 பதிவுகள். 25 கோடி மீட்டர்களுக்கு 2,400 கோடி பதிவுகள். நேரத்துக்கேற்ற கட்டணத்தைக் கணக்கிட இந்தச் சீரான பதிவு அவசியம். ஆனால், மின்தடை, மீட்டரில் முறைகேடு போன்றவை அடுத்த பதிவுக்காகக் காத்திருக்க முடியாது. அவை நிகழ்வுகளாக உடனடியாக அறிவிக்கப்படும் வகையில் மீட்டர்கள் வடிவமைக்கப்படுகின்றன.

கடிகார முறையில் பொறியாளர் கேட்கும் கேள்வி, 'எவ்வளவு அடிக்கடி அளக்க வேண்டும்?' என்பது. நிகழ்வு தூண்டல் முறையில் அவர் இரு கேள்விகளுக்கு விடை காண வேண்டியுள்ளது: எவ்வளவு நேரம் தகவல் இல்லாமல் இருப்பது பாதுகாப்பானது, தகவல் வராத நிலை உண்மையான அமைதிதான் என்பதை எவ்வாறு சரிபார்ப்பது? முதல் கேள்விக்குக் கடந்த கால் நூற்றாண்டின் கணித ஆய்வுகள் பெருமளவு விடை அளித்துள்ளன. இரண்டாவது கேள்விக்கான விடை, ஒவ்வோர் ஆலையிலும் ஒவ்வொரு கட்டுப்பாட்டு அறையிலும் வரம்புகளை நிர்ணயித்து, துடிப்புகளைக் கண்காணிப்போரின் பொறுப்பில் உள்ளது.